பேட்டரி இல்லாத கிதார்

அத்தியாயம் ஏழு

மின்னல் தன் இடது கை நகத்தை வெட்டிக்கொண்டே பேசினார். வெட்டிய துண்டு ஒன்று பறந்து வந்து அண்ணியின் காபிக் கோப்பைக்குக் கீழே இருந்த தட்டில் விழுந்தது.

ஏற்கெனவே குடித்துவிட்ட பாதிக் காபியை உள்ளேயே இருத்தி வைப்பதுதான் அந்த நிமிடத்தில் அவளுடைய பெரிய வேலையாக இருந்தது.

“அண்ணி, இது தடயமா குப்பையா?” என்று காதோரம் கேட்டான் கொழுந்தன். “தடயம்னா சொல்லுங்க, பையில போட்டுக்கறேன்.”

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கும் வேலையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். வேறெங்கும் வேலை கிடைக்காத கணவனின் தம்பி, உதவியாளன் என்ற பெயரில் வந்து ஒட்டிக்கொண்டான். ஆட்கள் முன்னால் ‘மேடம்’ என்று கூப்பிடு என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் அவன் வாயில் அது வரவில்லை. அவன் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுத் தபால்காரரிலிருந்து போலீஸ்காரர் வரைக்கும் அவளை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பெயர்ப்பலகையை மாற்றுவதுதான் பாக்கி.

மின்னல் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். மேடையில் இருபது வருடமாக எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறவர். அந்த அறையில் பன்னிரண்டு கிதார்கள் தொங்கின. கிதார் இல்லாத இடத்திலெல்லாம் அவருடைய படம் தொங்கியது.

“பாத்ரூம்லகூட ஒண்ணு இருக்கு அண்ணி,” என்றான் கொழுந்தன். “நேருக்கு நேரா முறைக்கிறாரு. வந்த வேலை வரல, திரும்பிட்டேன்.”

“சும்மா இரு.”

மின்னல் அடுத்த விரலுக்கு வந்திருந்தார். “இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்? என் புது ரெக்கார்டு வெளிவரப் போற நேரம். அதுல முக்கியமான உருப்படியோட வெட்டாத பதிவை, நாலு தடவ வாசிச்சது அப்படியே இருக்கறத, எவனோ என் கம்ப்யூட்டர்லேருந்து திருடி கம்பெனிக்குத் தபால்ல அனுப்பியிருக்கான். கூடவே ஒரு சீட்டு. ‘இதை வாசித்தது யார் என்று அவரையே கேளுங்கள்.’ என்ன திமிர் பாருங்க. கம்பெனிக்காரன் பயந்துபோய் ரெக்கார்ட நிறுத்தி வச்சுட்டான். மாசாமாசம் இந்த அறைக்குள்ள வந்து போற வெளியாள் ஒருத்தன்தான். ரிப்பேர்காரன். நான் போட்ட பிச்சையில வயிறு வளத்தவன்.”

“அவர் இல்லைங்கறாரே.”

“திருடன் எங்கயாவது ஆமான்னு சொல்வானா? புகார் குடுத்தாச்சு. இன்னிக்கு நாலு மணிக்கு அவன ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. உங்க ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி, ‘வேறு யாரும் எடுத்திருக்க வாய்ப்பில்லை’ன்னு. அது போதும், உள்ள தள்ளிடுவாங்க. அப்புறம் எந்த வாசிப்புக்காரன் அவன் கடைக்குக் கிதாரக் கொண்டு போவான்?”

சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார். ஒரு மனிதனின் பிழைப்பில் மண் விழப்போவதை நினைத்து ஒருவருக்கு இப்படிச் சிரிப்பு வருமா என்று அண்ணிக்கு இருந்தது.

“பதிவுல வாசிப்புக்கு நடுவுல ‘ம்ம்ம்’னு ஒரு முனகல் கேக்குதே, அது என்ன?” என்று கேட்டாள்.

“முனகலா? என் கிதார்லயா? பன்னண்டும் ஆக்டிவ் பிக்கப் மேடம். ஊசி போட்டா ஊசிச் சத்தம் மட்டும்தான் கேக்கும். அது ஏதாவது மிஷின் கோளாறா இருக்கும்.” அவர் இரண்டு விரலைச் சொடுக்கினார்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தாள். ஒல்லியான, குரலே இல்லாத பெண்மணி. இந்த வீட்டுக்கு வந்த மூன்று நாளும் காபி கொடுத்தவள் அவள்தான். மின்னல் தரையைக் கண்ணால் காட்டினார். அவள் மண்டியிட்டு, கம்பளத்தில் சிதறிக் கிடந்த நகத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள். அண்ணியின் தட்டில் கிடந்ததையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அண்ணி எழுந்துவிட்டாள். இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் கட்சிக்காரர் முன்னாலேயே வாந்தி எடுத்திருப்பாள்.

*

ரிப்பேர் கடை, ஆள் பக்கவாட்டில் நடக்க வேண்டிய அளவுக்கு ஒடுக்கமான அறை. சால்டரிங் புகை கண்ணைக் கரித்தது. சுவரில் வயிறு திறந்த கிதார்கள் வரிசையாகத் தொங்கின. மேஜையில் ஒரு டம்ளர் நிறைய அறுந்த கம்பித் துணுக்குகள். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு டம்ளரில் பாதி குடித்த டீ. எது எது என்று பார்த்துக் குடிக்காவிட்டால் குடல் கிழிந்துவிடும்.

ரிப்பேர்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நான்கு நாள் தாடி. நாலு மணிக்கு வரச் சொன்ன போலீஸ் கடிதத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவருக்கு அடியில் வைத்திருந்தார்.

“என்னை உள்ள தள்ளத்தான் வந்திருக்கீங்க,” என்றார் நிமிராமல்.

“தள்ளறதா வேணாமான்னு பாக்க வந்திருக்கேன். பதிவக் கொஞ்சம் கேளுங்க.”

கொழுந்தன் பதிவை ஓடவிட்டான். முதலில் மெல்லிய முனகல். பிறகு சட்டென்று மௌனம். அதிலிருந்து அந்த இசை எழுந்தது. நாலாவது தடவை கேட்டும் அண்ணிக்கு மயிர்க்கால்கள் சிலிர்த்தன. இப்படி வாசிக்கிற ஒரு ஆள் எப்படி அப்படி நகம் வெட்ட முடியும் என்ற கேள்விதான் மூன்று நாளாக அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

“இது பாஸிவ் பிக்கப்,” என்றார் ரிப்பேர்காரர்.

“ஆக்டிவ்னா என்ன, பாஸிவ்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இவனுக்குப் புரிஞ்சாலும் நல்லது.”

“எனக்குப் புரிய வைக்க எங்க வாத்தியாரே மூணு பேரு மாறினாங்க,” என்றான் கொழுந்தன்.

ரிப்பேர்காரர் ஒரு சின்னக் கறுப்புப் பட்டையை எடுத்துக் காட்டினார். “இதான் பிக்கப். கம்பிக்குக் கீழ இருக்கும். உள்ள காந்தம், அதச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து செப்புக் கம்பி. மேல கிதார்க் கம்பி அதிர்ந்தா இதுல கரெண்டு பொறக்கும், அதான் சத்தம். அவ்வளவுதான் பாஸிவ். சொந்தக் குரல்ல பேசற ஆள் மாதிரி. ஆக்டிவ்ல இதே சமாச்சாரம்தான், ஆனா சுத்து கம்மி. அதனால குரல் சின்னது. கூடவே உள்ள ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் உக்காந்து அதத் தூக்கி விடும். அதுக்கு சோறு போட ஒரு பேட்டரி.”

“எது ஒசத்தி?”

“செருப்புல எது ஒசத்திம்மா? அவங்கவங்க நடைக்கு எதுவோ அது. பெரிய மேடை, தலைக்கு மேல நூறு விளக்கு, நீள ஒயர், காது கிழியற வாசிப்புன்னா ஆக்டிவ் கேப்பாங்க. முனகாது. எங்க போனாலும் ஒரே மாதிரி, பலமா, சுத்தமா வரும். விரல் கொஞ்சம் தடுமாறினாக்கூட சமாளிச்சுக் குடுத்துடும். பாஸிவ் எதையும் மறைக்காது. மெல்லத் தொட்டா மெல்லப் பேசும். வால்யூம் குமிழச் சுண்டுவிரலால இத்துனூண்டு திருப்பினா குரலே மாறி, கம்மிப் போயி, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி ஆகும். அந்த ருசி கண்டவங்க வேற எதுக்கும் போக மாட்டாங்க. ஆனா கூடவே சனியன் மாதிரி இந்த முனகலும் வரும். பக்கத்துல டியூப்லைட் எரிஞ்சாலும் முனகும்.”

சுவரிலிருந்து ஒன்றை எடுத்து ஒயரைச் செருகினார். ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்றது. உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்தார். முனகல் அமுங்கிப் போனது. கையை எடுத்தார். மறுபடி ‘ம்ம்ம்’.

“எங்கண்ணன் மாதிரியே இருக்கு,” என்றான் கொழுந்தன். “சும்மா இருந்தா முனகிகிட்டே கெடப்பாரு. அண்ணி கை வச்சா கப்சிப்.”

“மின்னல் பாஸிவ் வாசிப்பாரா?” என்று கேட்டாள் அண்ணி, அவனைக் காதில் போட்டுக்கொள்ளாமல்.

“அவர் கையில பாஸிவ் இருந்து நான் பாத்ததில்ல.”

கொழுந்தன் அலமாரிக்கு அடியிலிருந்த ஓர் அட்டைப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். உள்ளே செத்த பேட்டரிகள் குவிந்து கிடந்தன. “இதெல்லாம் என்ன, சுடுகாடா?”

“ஒயர் செருகியிருந்தாலே பேட்டரி ஓடும் தம்பி. வாசிச்சாலும் சரி, வாசிக்காட்டியும் சரி. அப்படியே மறந்து விட்டவங்க கொண்டு வந்து கொட்டினது. மேடையில பாதியில செத்தா மானம் போயிடும். அதனால ஆக்டிவ்காரங்க வாசிச்சு முடிச்ச கையோட ஒயரப் பிடுங்கிடுவாங்க. படுக்கப் போறப்ப செருப்பக் கழட்டற மாதிரி, யோசிக்கவே மாட்டாங்க. மின்னல் சார் அதுல கில்லாடி.”

அண்ணி பதிவின் கடைசிப் பகுதியை மட்டும் இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு, “அப்ப இத வாசிச்சது யாரு?” என்றாள்.

“எனக்குத் தெரியாது,” என்றார் ரிப்பேர்காரர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவர் குனிந்து, விழாத திருகாணி ஒன்றைத் தரையில் தேட ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் கையைத் தட்டினான். “முடிஞ்சுது அண்ணி! பதிவு முனகுது. மின்னல் முனக மாட்டாரு. ஆக மொத்தம் வாசிச்சது அவர் இல்ல. வாங்க சாப்பிடப் போலாம்.”

“அவர் என்ன சொல்வாருன்னு நினைக்கிறே?”

“என்ன சொல்வாரு? பேயறைஞ்ச மாதிரி நிப்பாரு.”

“அந்த ஆளா?” என்றாள் அண்ணி. “சேத்துல விழுந்தாலும் சந்தனம் பூசிகிட்டேன்னு சொல்ற ஆளு.”

*

அப்படியேதான் நடந்தது.

“அடடே, பாஸிவ்னு கண்டுபிடிச்சுட்டீங்களா?” மின்னல் வாய்விட்டுச் சிரித்தார். வாயில் மதியச் சாப்பாட்டின் மிச்சம் தெரிந்தது. “காலைல எனக்கு ஞாபகமே வரல மேடம். என்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு. மனசு ஒரு மாதிரி இருக்கறப்ப அதத்தான் எடுப்பேன். கலைஞன் மனசு, உங்களுக்குப் புரியாது.” உள்பக்கம் திரும்பிச் சொடுக்கினார். “ஏய், அந்தப் பழச எங்க வச்சிருக்க?”

மனைவி கொண்டுவந்தாள். வெளிறிப்போன கிதார். சமையலறைக்குப் பக்கத்து அலமாரியில், பழைய போர்வைக்குள் சுற்றி வைத்திருந்தாளாம். அவரிடம் கொடுத்துவிட்டு அவள் கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

கொழுந்தனின் முகம் தொங்கிவிட்டது. “போச்சு,” என்று முணுமுணுத்தான். “சாப்பிட்டுட்டாவது வந்திருக்கலாம்.”

மணி இரண்டே முக்கால். இன்னும் ஒன்றேகால் மணி நேரத்தில் அந்த ரிப்பேர்காரர் போலீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இந்த மனிதரோ பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். குத்தி எடுத்ததைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார்.

“வாசிச்சுக் காட்டுங்களேன்,” என்றாள் அண்ணி, பார்வையைச் சுவருக்கு மாற்றிக்கொண்டு. “அந்த உருப்படிய. ஒரே ஒரு தடவ. நேர்ல கேக்கற பாக்கியம் எங்களுக்கும் கிடைக்கட்டும்.”

புகழ்ச்சி என்றால் அவருக்கு வெல்லம். உடனே உட்கார்ந்தார். ஒயரைச் செருகினார். ஸ்பீக்கர் முனகியது. கையை வைத்தார், அடங்கியது. வாசித்தார்.

நன்றாகவே வாசித்தார். அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பதிவில் இருந்த ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. பதிவில் இருந்த உயிர்தான் எங்கேயோ விட்டுப்போயிருந்தது. சமையல் குறிப்பை உரக்கப் படித்த மாதிரி இருந்தது. ஆனால் அதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுத முடியுமா? ‘உயிர் இல்லை’ என்று எழுதினால் போலீஸ்காரர் போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பிவிடுவார். கொழுந்தன் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி மின்னலின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுரம் தேய்ந்து முடிந்தது. மின்னல் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, தனக்குத் தானே கிறங்கி, அதே கிறக்கத்தில் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினார்.

ஸ்பீக்கர் ‘டமார்’ என்று வெடித்தது. பிடுங்கிய முனை அவர் விரலில் பட்டு ‘பர்ர்ர்’ என்று அறையே அதிர்ந்தது.

“குமிழக் குறைக்காமப் பிடுங்காதீங்க!”

கத்தியது மின்னலின் மனைவி. மூன்று நாளில் அவளிடமிருந்து வந்த முதல் சத்தம். “ஸ்பீக்கர் கிழிஞ்சுடும், எத்தனை தடவ சொ...” என்றவள், பாதியில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

கொழுந்தன் எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான்.

அண்ணி பதிவை எடுத்து வைத்தாள். நாலு வாசிப்பின் முடிவுகளையும் வரிசையாகப் போட்டாள். ஒவ்வொன்றிலும் கடைசிச் சுரம் ஓய்ந்த பிறகு முனகல் தலைகாட்டியது. பிறகு மெல்ல, மெல்லத் தேய்ந்து, இல்லாமல் போனது.

“நாலு தடவையும் குமிழத் திருகி அணைச்சிருக்காங்க,” என்றாள். “முனகற கிதார் வச்சிருக்கறவங்க பழக்கம் அது. வாசிச்சு முடிச்சதும் அத வாயடைச்சு வச்சாகணும். ஒயரு பாட்டுக்குக் கெடக்கும், அதால நஷ்டமில்ல, தின்ன பேட்டரி கெடையாது. நீங்க பேட்டரிக்காரர். இருபது வருஷமாப் பிடுங்கிப் பழகின கை. உயிர் போற வாசிப்பு வாசிச்சாலும் முடிஞ்ச நிமிஷம் அந்தக் கை ஒயருக்குத்தான் போகுது. பதிவுல ஒரு ‘டமார்’கூட இல்ல சார்.”

“அன்னிக்குத் திருகியிருப்பேன்.”

“நாலு தடவையுமா?” அண்ணி எழுந்து கதவோரம் போனாள். “இடது கையக் காட்டுங்கம்மா.”

அந்தப் பெண்மணி கையை நீட்டினாள். நாலு விரல் நுனியிலும் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப் போயிருந்தது. தோலில் வரி வரியாகப் பள்ளம். வருடக் கணக்கில் வாசித்தாலொழிய அப்படி ஆகாது.

மூன்று நாளாக இந்தக் கையிலிருந்துதான் காபி வாங்கிக் குடித்தோம், ஒரு தடவைகூட இதை ஒரு கை என்று பார்க்கவில்லையே என்று அண்ணி நினைத்தாள். பதினைந்து வருடம் மற்றவர்களின் பொய்யைப் பிடித்தவள், கண்ணெதிரே நீட்டிய விரலைப் பார்க்கவில்லை. மின்னல் மேல் இருந்த அருவருப்பில் ஒரு கரண்டி அண்ணி மேலேயே கொட்டிக்கொண்டது.

மின்னல் ஒன்றும் கலங்கிவிடவில்லை. காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

“சரி, அவதான் வாசிச்சா. இப்ப என்ன? சமையல் அவ செய்யறா. சாப்பிட்டவன் என் வீட்டு விருந்துன்னுதானே சொல்றான்? அவ பேரையா சொல்றான்? பொண்டாட்டி வாசிச்சா புருஷன் வாசிச்ச மாதிரிதான். நீங்க வந்த வேலையப் பாருங்க. எவனோ ஒருத்தன் மாட்டினாத்தான் கம்பெனி ரெக்கார்ட வெளிய விடும். ரிப்பேர்காரன் பேர எழுதுங்க.”

எச்சில் இலையில் உட்கார வைத்த மாதிரி கொழுந்தனின் முகம் கோணிக்கொண்டது.

“அத அனுப்பினது நான்தான்,” என்றாள் மனைவி.

மின்னல் திரும்பிப் பார்த்தார்.

“காய் வாங்கப் போறப்ப தபால்ல போட்டேன். என் பேரு போட்டா யாரும் நம்ப மாட்டாங்கன்னுதான், ‘அவரையே கேளுங்கள்’னு எழுதினேன். நாலு பேரு கேட்டா உங்களுக்கு வெக்கம் வரும், நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்.”

“வெக்கமா?” என்று கேட்டுவிட்டு மின்னல் சிரித்தார். உண்மையாகவே அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அண்ணிக்கு அவள் மேலும் கோபம் வந்தது. “பத்து நாளா ஒரு மனுஷன் செய்யாத தப்புக்கு அல்லாடறாரு. அவருக்குக் கடை இருக்கு, மானம் இருக்கு. வாயத் திறக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?”

“தினமும் தோணிச்சு. தினமும் பயந்துட்டேன்.” அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபது. “இப்ப போனா நாலு மணிக்குள்ள போயிடலாமா?”

“போ,” என்றார் மின்னல், செல்போனில் வக்கீலின் எண்ணைத் தேடிக்கொண்டே. “போய்ச் சொல்லிப் பாரு. எல்லாரும் கைகொட்டிச் சிரிப்பாங்க.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அண்ணி தன் பையிலிருந்து, பாதி எழுதி வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து நாலாகக் கிழித்தாள். கிழித்ததை அந்தக் கம்பளத்திலேயே போட்டாள். பொறுக்க ஆள் இல்லாத கம்பளம்.

*

ஸ்டேஷனில் ரிப்பேர்காரர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்து, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சிறைக்குப் போகிறவனும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்கிறான் என்பதைப் பார்த்தபோது அண்ணிக்கு மனசு இளகியது. காலையிலிருந்து சகிக்க முடியாததையே பார்த்த கண்ணுக்கு, ஒரு நிரபராதியைப் பார்ப்பது ஆறுதலாக இருந்தது.

எழுத்தர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். அந்தப் பெண்மணி சொன்னாள். குரல் தடுமாறினாலும் ஒன்றையும் விடவில்லை. பதிவு தன்னுடையது, வாசித்தது தான், அனுப்பியதும் தான், எதுவும் திருடு போகவில்லை. எழுத்தர் எழுதுவதை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்களா வாசிச்சீங்க? அந்த மின்னல் ரெக்கார்ட?”

“அவங்கதான் சார்,” என்றது ஒரு குரல்.

ரிப்பேர்காரர் எழுந்து நின்றிருந்தார். விடுதலை வாசனை பட்டதும் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. “எனக்கு ஆறு வருஷமாத் தெரியும் சார். அந்தப் பழைய கிதார் ரிப்பேருக்கு வரும். சின்னக் கை வாசிக்கிற மாதிரி கம்பிய இறக்கித் தரணும். வளையல் உரசின கீறல் உடம்பெல்லாம் இருக்கும். ஆம்பள வாசிக்கிற கிதார்னு குருடன்கூடச் சொல்ல மாட்டான்.”

அண்ணி மெதுவாகத் திரும்பினாள். “ஆறு வருஷமாத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“அப்ப காலைல கேட்டதுக்கு ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க? உங்களத் தூக்கி உள்ள போடப் போறாங்க, அப்பவுமா வாய் வரல?”

“என்னம்மா பண்றது?” என்றார் ரிப்பேர்காரர் சமாதானமாக. “மின்னல் வாசிக்கிற கிதார நான்தான் பாக்கறேன்னு சொல்லித்தான் பாதிப் பேரு என் கடைக்கே வராங்க. அவர் கோவம் நாலு நாள்ல ஆறிடும், பழையபடி எனக்கே அனுப்புவாருன்னு இருந்தேன். அதுவும் இல்லாம...” அவர் எழுத்தரைப் பார்த்துத் துணைக்குக் கூப்பிடுகிற மாதிரி சிரித்தார். “ஒரு பொம்பள வாசிச்சதுன்னு தெரிஞ்சா அந்த ரெக்கார்ட எவன் சார் வாங்குவான்? எல்லாருக்கும்தானே நஷ்டம்?”

அவர் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் அண்ணியால் தாங்க முடியவில்லை. மின்னலின் நகத்துண்டாவது தட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விழுந்தது. இது காலையிலேயே தெரியாமல் தொண்டைக்குள் இறங்கிவிட்டிருந்தது. இந்த மனிதரைக் காப்பாற்றவா நாள் பூரா ஓடினோம் என்று வாயெல்லாம் கசந்தது. சீ என்று சொன்னாள், வெளியில் கேட்கும்படியாகவே சொன்னாள்.

கொழுந்தன் ரிப்பேர்காரரின் பக்கத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

அந்தப் பெண்மணி ரிப்பேர்காரரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்து நாள் தூக்கம் இல்லாமல் இந்த மனிதனுக்காகத்தான் பயந்தாள். ஆறு வருடமாக இந்த ஊரில் கணவனைத் தவிர தன் வாசிப்பைத் தெரிந்த ஒரே ஆள் இவர்தான் என்பதும் இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

எழுத்தர் காகிதத்தைப் பார்த்தார், ரிப்பேர்காரரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “ஏம்மா, புருஷனப் பகைச்சுகிட்டு இந்த ஆளுக்காக இவ்வளவு தூரம் வந்தீங்க. இவரு பேசற பேச்சக் கேட்டீங்கல்ல? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன். நல்லா யோசிச்சுக்கங்க.”

“யோசிக்க ஒண்ணுமில்ல சார்,” என்றாள் அவள். “இவருக்காக வந்தேன்னுதான் நானும் நினைச்சுகிட்டிருந்தேன். இவர் எப்படியோ போகட்டும். வாசிச்சது நான். எங்க கையெழுத்துப் போடணும்?”